ஒருவர் கண்டதை எல்லோரும் காண: நுண்ணோக்கியின் மேல் ஒரு கைபேசி

உயிரியல் செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியின் முன்னால் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் குழாயில் வைத்ததும் "தெரியுதா?" என்று ஆசிரியர் கேட்பார், "தெரியுது சார்" என்று தலையாட்டிவிட்டு அந்தப் பிள்ளை நகர்ந்துவிடும். என்ன தெரிந்தது என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும். வெங்காயத் தோலின் செல்லைப் பார்த்ததா, ஸ்லைடுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவில் சிக்கிய காற்றுக்குமிழைப் பார்த்ததா என்று ஆசிரியரால் சொல்ல முடியாது. காற்றுக்குமிழ் நல்ல வட்டமாக, அழுத்தமான கரிய விளிம்போடு, நடுவில் பளிச்சென்று இருக்கும். பழகாத கண்ணில் முதலில் படுவது அதுதான். அதையே செல் என்று நம்பிப் போன பிள்ளை, பாடப்புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் அழகாக வரைந்து, பாகங்களும் குறித்து, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். பார்த்தது ஒன்று, வரைந்தது வேறொன்று. நடுவில் நடந்த தவறு யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

கண்ணருகு லென்ஸின் மேல் ஒரு கைபேசியை வைத்ததும் இந்த நிலைமை மாறுகிறது. அதுவரை ஒருவர் கண்ணுக்குள் அடைபட்டிருந்த காட்சி வெளியே வந்து, பத்துப் பேர் பார்த்துப் பேசக்கூடிய பொருளாகிவிடுகிறது. கைபேசி நுண்ணோக்கிப் படங்களைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் அவற்றின் அழகைச் சுற்றியே நடக்கிறது: கொசுப்புழுவின் தலை, பூவின் மகரந்தம், குளத்து நீரில் சுழலும் உயிரிகள். அந்த அழகு உண்மைதான். ஆனால் இந்தச் சிறு ஏற்பாடு தரும் பெரிய லாபம் வேறு. பார்த்ததைப் பிறர் சரிபார்க்கலாம் என்ற நிலையை அது கொண்டுவருகிறது. விலையுயர்ந்த கேமரா உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு மட்டுமே கிடைத்துவந்த இந்த வசதி இன்று ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் படத்தை வேடிக்கையாக ஒதுக்காமல், சில ஒழுங்குகளுக்கு உட்பட்ட ஆதாரமாக நாம் நடத்தத் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சாட்சி தேடிய துணி வணிகர்

நுண்ணோக்கியின் வரலாறே சாட்சி தேடிய வரலாறுதான். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராக இருந்த அந்தோணி வான் லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த ஒற்றை லென்ஸ் கருவியால் நீர்த்துளிக்குள் நுண்ணுயிரிகளைக் கண்டார். 1676-இல் அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அங்கிருந்தவர்களால் நம்ப முடியவில்லை. அவருடைய கருவி கைக்குள் அடங்கும் சிறிய தகடு. ஒரு நேரத்தில் ஒரு கண்தான் அதன் வழியே பார்க்க முடியும். அவருக்கு நன்றாக வரையவும் வராது. படம் வரைய ஓவியர்களை அமர்த்தியிருந்தார். கடைசியில், தங்கள் கண்ணாலும் அந்த உயிரிகளைப் பார்த்ததாகப் பாதிரியார்கள் உள்ளிட்ட ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேரிடம் சான்று எழுதி வாங்கி லண்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1677-இல் அந்தச் சொசைட்டியின் ராபர்ட் ஹூக் அதே சோதனையைச் செய்து உறுப்பினர்களுக்குக் காட்டிய பிறகே சந்தேகம் தீர்ந்தது. லேவன்ஹூக்கின் லென்ஸில் குறை ஒன்றும் இல்லை. தான் கண்டதை அடுத்தவருக்குக் காட்ட அவருக்கு வழி இல்லாததுதான் சிக்கல்.

இருநூறு ஆண்டுகள் கழித்து ராபர்ட் கோக் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து சந்தித்தார். வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவராக இருந்தபோது, பாக்டீரியாவைப் பற்றி ஆய்வாளர்கள் ஆளுக்கொரு விதமாகப் படம் வரைந்து சண்டையிட்டுக்கொள்வதைக் கண்டார். வரைபவரின் எண்ணம் அவரை அறியாமலே கோட்டுக்குள் புகுந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. அதனால் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1877-இல் பாக்டீரியாவின் புகைப்படங்களை வெளியிட்டார். சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பிவிட்டு, கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஒவ்வொரு படத்துக்கும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகப் புகழ் பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, படம்தான் விவாதத்துக்கு அடிப்படையாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கருவி அந்தப் பாட்டை இல்லாமல் செய்துவிட்டது. அவர் எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: இந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

தரம் எங்கே தீர்மானமாகிறது?

முதல் மறுப்பு இங்கேதான் எழும். கைபேசியின் கேமரா நுண்ணோக்கிக்காகச் செய்தது அல்ல. அதில் எடுக்கும் படம் எப்படி அறிவியல் தரத்தில் இருக்கும் என்று கேட்பார்கள். ஒளியியல் இதற்குத் தெளிவான பதில் சொல்கிறது. நுண்ணோக்கியில் ஒரு பொருளின் எவ்வளவு நுண்ணிய விவரம் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்லைடுக்கு அருகில் இருக்கும் பொருளருகு லென்ஸ். பள்ளி நுண்ணோக்கியின் 40 மடங்கு லென்ஸின் பக்கவாட்டில் 0.65 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அந்த லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை அள்ளுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஒளியின் அலைநீளத்தை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும் என்று 1873-இல் எர்ன்ஸ்ட் அபே காட்டினார். பச்சை ஒளிக்கு இது ஏறத்தாழ 0.42 மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவானாலும், அந்த லென்ஸ் தராத விவரத்தை அதனால் கொண்டுவர முடியாது.

இனி கைபேசியின் பக்கம் வருவோம். கண்ணருகு லென்ஸில் தெரியும் வட்டம் பொதுவாக 18 மி.மீ. அளவுக்கு அமைந்திருக்கும். 40 மடங்கு லென்ஸில் அது ஸ்லைடின் மேல் 0.45 மி.மீ. விட்டமுள்ள பரப்பைக் காட்டும். 12 மெகாபிக்சல் படத்தின் குறுக்களவு சுமார் 3,000 பிக்சல். வட்டம் அந்தக் குறுக்களவை நிறைக்கும்படி எடுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.15 மைக்ரோமீட்டர் விழும். லென்ஸ் பிரித்துக் காட்டும் 0.42-ஐப் பதிவு செய்ய, பிக்சல் அதில் பாதியளவு இருந்தாலே போதும். இங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கிறது. ஒளி வீணாவதும் இல்லை. 400 மடங்கு உருப்பெருக்கத்தில் கண்ணருகு லென்ஸிலிருந்து வெளியேறும் ஒளிக்கற்றையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கைபேசிக் கேமராவின் வாய் அதைவிட அகலம். ஆக, சாதாரணக் கைபேசியே நுண்ணோக்கி தருவதை ஏறக்குறைய முழுமையாக வாங்கிக்கொள்ளும் திறன் உள்ளது. படம் மோசமாக வந்தால் கைபேசியை மாற்றுவதற்கு முன் அழுக்கான லென்ஸையும், தடிமனாக வெட்டிய மாதிரியையும், சரியாகத் திறக்காத ஒளித்திரையையும் பார்க்க வேண்டும்.

வைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணருகு லென்ஸிலிருந்து இணையாக வெளிவரும் கதிர்கள் அதற்குச் சற்று மேலே, ஒரு புள்ளியில் மிகச் சிறிய ஒளி வட்டமாகக் கூடும். ஒரு மெல்லிய தாளை அங்கே மேலும் கீழும் நகர்த்தினால் அந்த வட்டம் சுருங்கிக் கூர்மையாவதைக் காணலாம். நம் கண்மணி இருக்க வேண்டிய இடம் அது. கைபேசி லென்ஸும் அங்கேதான் இருக்க வேண்டும். சற்று மேலே போனாலும் கீழே வந்தாலும் திரையில் கரு நிழல் ஓரத்திலிருந்து வந்து கவ்வும். கையால் பிடித்தால் நடுக்கம் தப்பாது; ஒரு பிடிப்பானில் பொருத்தி, இரண்டு வினாடி டைமர் வைத்து எடுப்பது நல்லது. பல லென்ஸ் உள்ள கைபேசிகள் தாமாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பதால் முதன்மைக் கேமராவைத் தேர்ந்து நிறுத்திக்கொள்ள வேண்டும். திரையை அழுத்திப் பிடித்து குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டால், பிறகு கூர்மைப்படுத்துவதை நுண்ணோக்கியின் திருகிலேயே செய்யலாம். படத்தில் ஒரு கரும்புள்ளி நின்றால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஸ்லைடை நகர்த்தும்போது கூடவே நகர்ந்தால் அது மாதிரியில் உள்ளது. கண்ணருகு லென்ஸைச் சுழற்றும்போது கூடவே சுழன்றால் அது அந்த லென்ஸில் படிந்த தூசி. ஒரு மாணவர் இந்தச் சோதனையைச் செய்யப் பழகினாலே, கண்ணில் பட்டதையெல்லாம் நம்பக் கூடாது என்ற பாடம் பாதி முடிந்துவிடும்.

மென்பொருள் சேர்க்கும் பொய்

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. இன்றைய கைபேசி ஒளியை அப்படியே பதிவு செய்வதில்லை. பல படங்களை ஒட்டி, இரைச்சலை நீக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கித்தான் தருகிறது. 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் கைபேசியால் படமெடுத்துக் காட்டினார். மூலத்தில் இல்லாத பள்ளமும் மேடும் கைபேசிப் படத்தில் இருந்தன. நிலவு என்று அடையாளம் கண்டதும் விவரத்தைக் கூட்டும் மென்பொருள் இருப்பதை அந்த நிறுவனமும் பிறகு விளக்கியது. நிலவுக்கு நேர்ந்தது செல்லுக்கும் நேரலாம் அல்லவா? நேரும். கூர்மையாக்கும் மென்பொருள் செல்சுவரின் இருபுறமும் ஒரு வெளிச்சக் கோட்டையும் ஒரு கருங்கோட்டையும் தீட்டிவிடும். ஒற்றைச் சுவர் இரட்டைச் சுவராகத் தோன்றும். அதை இல்லாத ஓர் உறுப்பாக எண்ணி வாசிப்பவர்கள் இருப்பார்கள்.

இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது; அதற்கு ஒழுங்குதான் பதில். மென்பொருள் கை வைக்காத ராவ் கோப்பாகச் சேமிக்கும் வசதி பல கைபேசிகளில் உள்ளது, அதைப் பயன்படுத்தலாம். காட்சியைக் கண்டறிந்து மெருகேற்றும் வசதியை அணைத்துவிடலாம். மூலக் கோப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டு, வெட்டியதையும் வெளிச்சம் கூட்டியதையும் தனிப் படமாக வைக்கலாம். சந்தேகமான ஓர் உறுப்பை வேறொரு கைபேசியாலும் எடுத்து ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலவின் படத்துக்கும் ஸ்லைடின் படத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஸ்லைடு மேசை மேலேயே இருக்கிறது. திரையில் தெரிந்த இரட்டைக் கோடு மெய்யா என்று உடனே குழாயில் கண் வைத்துப் பார்த்துவிடலாம். கண் கண்டதைப் படம் சரிபார்க்கிறது, படம் காட்டியதைக் கண் சரிபார்க்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் நம்பும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

அளவு இல்லாத படமும் பாதிப் பொய்தான். "400 மடங்கு" என்று படத்தின் கீழ் எழுதும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அதே படம் கைபேசித் திரையில் ஓர் அளவிலும், வகுப்பறைச் சுவரில் இன்னோர் அளவிலும், அச்சில் வேறோர் அளவிலும் தெரியும்போது 400 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடித் தகட்டில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கோடு கீறியிருப்பார்கள். கோட்டுக்குக் கோடு 10 மைக்ரோமீட்டர். எந்த லென்ஸில், எந்த ஜூமில் மாதிரியைப் படமெடுத்தோமோ அதே அமைப்பில் இந்தத் தகட்டையும் ஒரு முறை எடுத்துவிட்டால், படத்தின் மூலையில் சரியான அளவுகோல் ஒன்றை வரைந்துவிடலாம். படம் பெரிதானால் கோலும் சேர்ந்து பெரிதாகும், கணக்கு பிசகாது. அதன்பிறகு "வட்டமான ஏதோ ஒன்று" என்ற பேச்சு மாறி, "28 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மகரந்தம்" என்ற பேச்சு தொடங்கும். இன்னொருவர் அதை அளந்து மறுக்கலாம் அல்லது ஏற்கலாம்.

பென்சிலைக் கைவிட வேண்டுமா?

வரைந்து பழகினால்தான் கண் கூர்மையாகும், புகைப்படம் வந்தால் பிள்ளைகள் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள் என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்வார்கள். இதில் ஆழமான உண்மை இருக்கிறது. ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் நரம்புச் செல்களைப் பற்றிய ஆய்வுக்காக 1906-இல் காமில்லோ கோல்ஜியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வண்ணப் புகைப்படக்கலை பற்றி ஒரு நூலே எழுதியவர். ஆனால் நரம்புச் செல்களைக் காட்ட அவர் நம்பியது தன் கை ஓவியத்தை. தடிமனான திசுவில் ஒரு செல்லின் கிளைகள் மேலும் கீழுமாகப் பல அடுக்குகளில் ஓடும். ஒரு புகைப்படத்தில் ஓர் அடுக்குதான் கூர்மையாக விழும். 40 மடங்கு லென்ஸில் அந்த அடுக்கின் ஆழம் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் மட்டுமே. திருகைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்ததையெல்லாம் ஒரே தாளில் சேர்க்கும் ஆற்றல் கைக்கு இருந்தது.

ஆனால் அதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. கஹால் பயன்படுத்தியது கோல்ஜி கண்டுபிடித்த சாயமுறையைத்தான். அதே சாயத்தில் கோல்ஜி கண்டது ஒன்றோடொன்று பின்னிய வலை. கஹால் கண்டது தனித்தனிச் செல்கள். இருவரும் தேர்ந்த கண் உடையவர்கள், இருவரும் நேர்மையாகவே வரைந்தார்கள், இரண்டு வரைபடங்களும் ஒத்துப்போகவில்லை. வரைபடம் என்பது பார்த்ததோடு புரிந்துகொண்டதும் கலந்தது. அதனால்தான் அது சிறந்த கல்விக் கருவியாகவும், தனித்து நிற்க முடியாத சாட்சியாகவும் இருக்கிறது. ஆகவே பென்சிலை விட வேண்டியதில்லை. பென்சில் படத்துக்குப் பக்கத்தில் புகைப்படத்தையும் ஒட்ட வேண்டும். பிள்ளை எதைப் பார்த்தது என்று புகைப்படம் சொல்லும். எதைப் புரிந்துகொண்டது என்று வரைபடம் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஆசிரியர் கற்பிக்க வேண்டிய இடம். அடுக்குச் சிக்கலுக்கும் கைபேசியிலேயே வழி இருக்கிறது: திருகை மெல்லச் சுழற்றிக்கொண்டே வீடியோ எடுத்தால், கஹால் தன் மனத்துக்குள் சேர்த்த அடுக்குகளை எல்லோரும் பார்க்கலாம்.

நோயறிய உதவுமா?

கைபேசி நுண்ணோக்கி மருத்துவத்தையே மாற்றிவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆபத்தான விளையாட்டு என்று இன்னொரு சாரார். ஆப்பிரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகள் இருவருக்கும் பதில் வைத்திருக்கின்றன. தான்சானியாவின் பெம்பா தீவில், ஒரு கைபேசியின் கேமராவில் சிறு கோள லென்ஸை ஒட்டுநாடாவால் ஒட்டி, மலத்தில் குடற்புழு முட்டைகளைத் தேடினார்கள். முடிவு 2013-இல் வெளியானது. உருளைப்புழு உள்ளவர்களில் சுமார் 81 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்க முடிந்தது. கொக்கிப்புழுவிலோ வெறும் 14 விழுக்காடுதான். கோள லென்ஸில் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாக இருக்கும். கொக்கிப்புழு முட்டையோ மெல்லிய ஓடும் தெளிவான உடலும் கொண்டது. இந்தக் கருவியை நம்பி ஓர் ஊரில் கொக்கிப்புழு இல்லை என்று அறிவித்திருந்தால் பெரும் தவறாகியிருக்கும்.

மத்திய ஆப்பிரிக்காவின் கேமரூனில் நிலைமை வேறு. ஆற்றுக்குருடு நோய்க்கு ஐவர்மெக்டின் நல்ல மருந்து. ஆனால் லோவா லோவா என்ற புழுவின் இளம்புழுக்கள் இரத்தத்தில் மிக அதிகமாக, மில்லிலிட்டருக்கு 30,000-க்கு மேல் இருப்பவருக்கு அதே மருந்து மூளையைப் பாதித்து உயிருக்கே உலை வைக்கலாம். ஒகோலா மாவட்டத்தில் அப்படிச் சாவுகள் நேர்ந்ததால் 1999-இல் மருந்து விநியோகமே நின்றுபோனது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேனியல் ஃபிளெட்சர் குழு உருவாக்கிய லோவாஸ்கோப் கைபேசியை அடிப்படையாகக் கொண்டது. விரல் நுனியில் எடுத்த இரத்தத்தை அது வீடியோ எடுக்கும். புழு நெளியும்போது சுற்றியுள்ள சிவப்பணுக்கள் அசைவதை வைத்து மென்பொருள் புழுக்களை எண்ணும். சாயம் வேண்டாம், சில நிமிடங்களில் முடிவு. 2015-இல் 16,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து, ஆபத்து உள்ள 340 பேரையும், கர்ப்பம், உடல்நலக்குறைவு போன்ற காரணங்களால் வேறு சிலரையும் விலக்கிவிட்டு, 15,522 பேருக்கு மருந்து கொடுத்தார்கள். மூளையைப் பாதிக்கும் கடுமையான பின்விளைவு ஒன்றுகூட நேரவில்லை. இரண்டிலும் இருந்தது கைபேசிதான். லோவாஸ்கோப்பில் கேள்வி குறுகலாக வகுக்கப்பட்டிருந்தது, கருவி அந்த ஒரு கேள்விக்கென்றே செய்யப்பட்டிருந்தது, முடிவை வேறு முறையால் சரிபார்த்திருந்தார்கள். வீட்டிலிருந்து இரத்தத்தையோ சளியையோ படமெடுத்து நோயைத் தீர்மானிக்க எவரும் முயலக் கூடாது. காசநோய்க்கான சளி ஸ்லைடுகளில் சிலவற்றை, முதல் முடிவு தெரியாத இன்னொருவர் மறுபடி பார்ப்பது நம் நாட்டில் ஏற்கெனவே உள்ள நடைமுறை. படம் அத்தகைய மறுபார்வையை எளிதாக்கலாம்; நோயாளியின் பெயரும் அடையாளமும் படத்தோடு போகாமல் காக்க வேண்டிய கடமையும் அப்போது சேர்ந்து வரும்.

இனிச் செய்ய வேண்டியது

பள்ளியில் கைபேசியா என்ற கவலை நியாயமானது. மாணவர் கைபேசி கொண்டுவர வேண்டியதே இல்லை. ஆசிரியரிடம் இருக்கும் ஒரே கைபேசி, நுண்ணோக்கியில் பொருத்த ஒரு பிடிப்பான், வகுப்பறைத் திரை ஆகிய மூன்றும் போதும். திரையில் காற்றுக்குமிழ் தெரியும்போது "இது செல் இல்லை, ஏன் இல்லை?" என்று ஒரு முறை பேசினால், நாற்பது பேரின் குழப்பம் ஒரே நேரத்தில் தீரும். நுண்ணோக்கியே இல்லாத பள்ளி என்ன செய்யும்? மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக உள்ள மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் 2014-இல் விவரித்த ஃபோல்ட்ஸ்கோப், தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அதைக் காந்தத்தால் கைபேசியில் ஒட்டிப் படமெடுக்கலாம். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் நாட்டின் பல பகுதிகளில் அதைக் கொண்டுசென்றது. கருவி சென்று சேர்ந்தபின், அதனால் எடுத்த படங்களை எப்படி ஆதாரமாக்குவது என்பதே அடுத்த கட்ட வேலை.

அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மேல்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வேண்டும். மாதிரி எங்கே, எந்த நாளில் எடுத்தது, எந்தச் சாயம், எந்த லென்ஸ், அளவுகோல் எவ்வளவு என்ற ஐந்து விவரங்கள் இல்லாத படத்தை ஏற்பதில்லை என்ற விதி வேண்டும். செய்முறைத் தேர்வில் அழகாக வரைந்த படத்துக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, பார்த்ததை மெய்ப்பிக்கும் படத்துக்கும் தர வேண்டும். ஓர் ஊர்க் குளத்தின் நீரை ஒரு பள்ளி மாதந்தோறும் இப்படிப் பதிவு செய்தால், எந்தப் பாசி எப்போது பெருகுகிறது என்பதை அடுத்து வரும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்பு பெயர் தவறாக வைத்திருந்தால் திருத்தவும் செய்யலாம். அறிவியல் என்பது சரியாகப் பார்ப்பதோடு முடிவதில்லை. பார்த்ததைத் தவறென்று காட்டும் வாய்ப்பையும் சேர்த்து அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் அதன் அடிப்படை. பதினாறு வயதில் அந்தப் பழக்கம் படிந்துவிட்டால், "எனக்குத் தெரியும், நம்பு" என்று வரும் எந்தச் செய்தியையும் "அளவுகோல் எங்கே, மூலப்படம் எங்கே?" என்று கேட்கும் துணிவு அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும்.